செந்தமிழ்க் காவல் மன்றம் தீவில் குதித்த கதை

கொச்சி மட்டாஞ்சேரி செந்தமிழ்க் காவல் மன்றத்துக்குப் பொன்னாடை ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றை வைத்துக்கொண்டே மன்றம் இதுவரை எத்தனையோ பேரைக் கௌரவித்துவிட்டது. ஊருக்கு வந்துபோன கவிஞர்கள், மாற்றலாகிப் போன தபால் அதிகாரி, ரத்ததானம் செய்தவர், ரத்ததான முகாமுக்குப் பந்தல் போட்டவர் என்று ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. தலைவர் போர்த்துவார், போட்டோ எடுப்பார்கள், கைதட்டுவார்கள். விருந்தினர் சாப்பிட்டுக் கைகழுவி வந்ததும் இணைச் செயலாளர் பக்கத்தில் போய் நின்று, "அய்யா, அந்தப் பொன்னாடை..." என்று இழுப்பார். விவரம் தெரிந்தவர்கள் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். விவரம் தெரியாத ஒரு பேராசிரியர் அதைப் போர்த்தியபடியே படகுத்துறை வரைக்கும் போய்விட்டார். இணைச் செயலாளர் பின்னாலேயே ஓடி, படகு கிளம்புவதற்குள் மீட்டுக்கொண்டு வந்தார். அந்த வருஷத்து ஆண்டறிக்கையில் மன்றத்தின் சாதனைகளில் அதுவும் ஒன்றாக இடம்பெற்றது.

அந்த இணைச் செயலாளர்தான் நம் சுடலைமணி.

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து இளவட்டமாக வந்து, பஜார் ரோட்டு அரிசி மண்டியில் சேர்ந்து, லாரியில் வரும் மூட்டைகளை எண்ணி இறக்குகிற மேஸ்திரியாகத் தலை நரைத்தவர். மண்டியில் அவரை "எடா மணி" என்பார்கள். வீட்டில் மனைவி கற்பகம் "இங்கேருங்க" என்பாள். இந்த உலகத்திலேயே ஓர் இடத்தில்தான் அவருக்கு "இணைச் செயலாளர் சுடலைமணி அவர்கள்" என்று பெயர். அந்த 'அவர்கள்' ஒலிபெருக்கியில் வரும்போது அவருக்குக் காது குளிர்ந்து போகும். அதற்காக மன்றத்தின் நாற்காலிகள் அத்தனையையும் ஒற்றை ஆளாகத் தூக்கிப் போட்டார், தூக்கி வைத்தார்.

நாற்காலி போடுவது, பொன்னாடையைத் திரும்ப வாங்குவது, நன்றியுரை சொல்வது, இவைதான் இணைச் செயலாளரின் பொறுப்புகள். நன்றியுரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். "அடுத்து நன்றியுரை" என்று அறிவித்தவுடனே சபை எழுந்து பக்கத்து அறைக்குச் சாப்பிடப் போய்விடும். மைக் செட்டுக்காரர் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்துவிடுவார். சுடலைமணி அவர்கள் காலி நாற்காலிகளுக்கு நன்றி சொல்லிவிட்டு, அதே நாற்காலிகளை அடுக்க ஆரம்பிப்பார். இதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. வழக்கம் அப்படி.

மன்றம் இருந்தது ஒரு பழைய மிளகாய் வற்றல் கிடங்கின் மாடியில். கீழே மூட்டை அசைந்தால் மேலே எல்லாரும் இருமுவார்கள், கண்ணைத் துடைப்பார்கள். தம் பேச்சைக் கேட்டுச் சபை கண்கலங்குகிறது என்று தலைவர் வாஞ்சிநாதன் உறுதியாக நம்பினார். வாஞ்சிநாதன் கட்டட ஒப்பந்தக்காரர். 'செந்தமிழ்ச் செம்மல்' என்ற பட்டம் உடையவர். பட்டம் கொடுத்தது மன்றம். கொடுத்த கூட்டத்துக்குத் தலைமை தாங்கியது அவரே.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. காலமான ஓர் உறுப்பினருக்கு நடந்த இரங்கல் கூட்டத்தில்தான் கெட்டது. தலைவர் குரல் தழுதழுக்க, "அவர் மறையவில்லை! இதோ, இந்த அரங்கில் நம்மோடு வாழ்ந்துகொண்டிருக்கிறார்!" என்றார். கடைசி வரிசையில் போனுக்குள் தலையை விட்டிருந்த யாரோ ஒரு பையன், "செத்துட்டான்! செத்துட்டான்!" என்று துள்ளிக் குதித்தான்.

விசாரித்ததில் அந்த விளையாட்டுக்கு 'ட்ராப் ஸோன்' என்று பெயர் என்று தெரிந்தது. நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் பாரசூட்டில் குதிக்க வேண்டும். கிடைக்கிற துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஒருவரையொருவர் சுட வேண்டும். நாலு நாலு பேராக அணி. கடைசி வரைக்கும் நிற்கிற அணி ஜெயித்தது. கொச்சியில் பாதிப் பேருக்கு அதன்மேல் உயிர், மீதிப் பேருக்கு அதைக் கண்டாலே எரிச்சல். நடுவில் நிற்கிறவர் யாரும் இல்லை.

மன்றம் அவசரமாகக் கூடியது. கண்டனத் தீர்மானம் தயாரானது. "இளைஞர்களின் கண்ணைக் கெடுத்து, கல்வியைக் குலைத்து, பெரியோர் பேச்சைக் கேட்கவிடாமல் செய்யும் ட்ராப் ஸோனை இம்மன்றம் மனமார, ஒருமனதாகக் கண்டிக்கிறது." அத்துடன் தலைவர் நிற்கவில்லை. செயற்குழு உறுப்பினர்கள் முதலில் தங்கள் வீட்டைத் தூய்மையாக்கிக் காட்ட வேண்டும் என்றார். ஒவ்வொருவரும் மேடை ஏறி, நிலவிளக்கின் சுடருக்கு மேல் கைநீட்டி, "என் வீட்டில் அந்த விளையாட்டு இல்லை, இருந்ததும் இல்லை, இருக்கப்போவதும் இல்லை" என்று சத்தியம் செய்ய வேண்டும்.

முன்வரிசையில் சுடலைமணியின் மகள் ஸ்நேஹா உட்கார்ந்திருந்தாள். பிளஸ் டூ படிக்கிறாள். மன்றத்தில் இறைவணக்கம் பாடுவது அவள்தான். தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவாள் என்பது செயற்குழுவுக்குத் தெரியாத ரகசியம். செயற்குழுவுக்குத் தெரியாத இன்னொன்றும் இருந்தது. முந்தின வாரம்தான் அவள் அடுக்களையில் வந்து நின்று, "அப்பா, எங்க டீம் ஜில்லா ஃபைனல்ல கேறிட்டு! ட்ராப் ஸோன்ல! இடப்பள்ளி மால்ல வெச்சு!" என்று மூச்சு வாங்கச் சொல்லியிருந்தாள். சுடலைமணிக்குப் பாதி புரியவில்லை. ஆனாலும் மகளின் முகத்தைப் பார்த்துச் சந்தோஷம் தாங்காமல், கடைக்குப் போய் ஒரு பொட்டலம் பழம்பொரி வாங்கிக்கொண்டு வந்தார். மூன்று பேரும் உட்கார்ந்து தின்றார்கள். அவள் விளையாடிக் காட்டினாள். "ஏளா, நீ என்ன இந்த ஓட்டம் ஓடுத!" என்று அவர் வாயைப் பிளந்தார்.

முதலில் பொருளாளர் வீரபாண்டி மேடை ஏறினார். மெஸ் நடத்துபவர். சுடருக்கு மேல் கை நீட்டியபோது அவர் சட்டைப் பையிலிருந்த போன் பாரசூட் விரிகிற இசையோடு அலறியது. "அலாரமப்பா, ரசம் எறக்கணும்" என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் சத்தியத்தையும் முடித்தார்.

"அடுத்து, நம் இணைச் செயலாளர் சுடலைமணி அவர்கள்!"

காது குளிர்ந்தது. சுடலைமணி எழுந்தார். மகள் தன்னைப் பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரியும். அதனால் விளக்கையே பார்த்துக்கொண்டு நடந்தார். என் வீட்டில் இருக்கிறது, என் பிள்ளை அதில் கெட்டிக்காரி என்று சொல்ல ஒரு நிமிஷம் கூட ஆகாது. அந்த ஒரு நிமிஷத்துக்குப் பிறகு தான் வெறும் மணியாகிவிடுவோம் என்று பட்டது. கையை நீட்டினார். சொன்னார். மூன்று 'இல்லை'யையும் குரல் நடுங்காமல் சொன்னார். சபை இருமிக்கொண்டே கைதட்டியது.

வீட்டுக்கு நடந்து போகும்போது எப்போதும் ஸ்நேஹா தலைவர் மாதிரி பேசிக் காட்டிச் சிரிக்க வைப்பாள். அன்று ஒன்றும் பேசவில்லை.

"ஏளா, அது ஒரு சடங்குதானே. எல்லாரும் சொல்லுதாவ, நானும் சொன்னேன்" என்றார்.

"சாரமில்லப்பா, பரவால்ல" என்றாள் அவள். போய்க் கைகால் கழுவிவிட்டு, "சோறு எடுக்கட்டா?" என்று கேட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குச் சோறு இறங்கியிருக்கும். அவமானத்தில் தட்டையே பார்த்துக்கொண்டு பிசைந்தார்.

இத்தோடு போயிருந்தால் ஊரில் நடக்கிற இன்னொரு கண்டனத்தோடு அதுவும் போயிருக்கும். ஆனால் அடுத்த கூட்டத்தில் செயலாளர் லக்ஷ்மிநாராயணன் எழுந்தார். பாலக்காட்டுக்காரர், வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். முறை தவறினால் அவருக்கு மூச்சே வராது.

"ஒரு வஸ்துவைக் கண்டிக்கணும்னா அதைப் பரிசோதிச்சிருக்கணுமாக்கும்" என்றார். "நாளைக்கு ஒருத்தன் வந்து, ஓய், நீங்கள்ளாம் அதைப் பாத்திருக்கேளோன்னு கேட்டா என்ன சொல்றது? ஒரு ஆய்வுக் குழு போடணும். நாலு பேர். அவாளும் நாலு நாலு பேராத்தான் குதிக்கறாளாம்."

தலைவர், செயலாளர், பொருளாளர், இணைச் செயலாளர் ஆகிய நாலு பேர் கொண்ட குழு அமைந்தது. நாலு போன்களிலும் விளையாட்டை ஏற்றித் தர "யாராவது ஒரு பையனைப் பிடிக்கும்" பொறுப்பு இணைச் செயலாளரிடம் வந்தது. சுடலைமணி எங்கே போவார்? நாலு போனையும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, மகள் முன்னால் வைத்தார். வைத்துவிட்டுக் காலண்டரைப் பார்த்தார்.

ஸ்நேஹா ஏற்றிக் கொடுத்தாள். "பேரு என்ன வெக்கணும்?" என்று மட்டும் கேட்டாள்.

பெயர் விஷயத்தில் குழு ஒரு மாலைப்பொழுது முழுக்க விவாதித்தது. 'செந்தமிழ்ச் செம்மல் வாஞ்சிநாதன் அவர்கள்' என்பதை அந்த விளையாட்டு ஏற்கவில்லை, இடம் போதாது என்றது. பட்டத்தை விடுவதா, பெயரை விடுவதா என்று தலைவரிடமே கேட்டார்கள். தலைவர் வெகுநேரம் யோசித்துப் பெயரை விட்டார்.

ஆய்வின் முதல் அமர்வு நிலவிளக்கு ஏற்றித் தொடங்கியது. நாலு பேரும் மேடையில் போனும் கையுமாக உட்கார்ந்தார்கள். எதிரே உறுப்பினர்கள். இறைவணக்கம் இல்லாமல் மன்றத்தில் எதுவும் நடக்கக் கூடாதாகையால் ஸ்நேஹா பாடினாள். பொருளாளர் கை பட்டு விளையாட்டு முன்பே தொடங்கிவிட்டது. விமானம் இறைவணக்கத்துக்காகக் காத்திருக்கவில்லை. பாட்டு முடிந்து எல்லாரும் போனைப் பார்த்தபோது மன்றத்தின் ஆய்வுக் குழு நடுக்கடலில் நீந்திக்கொண்டிருந்தது.

இரண்டாவது முறை முறையாகச் செய்தார்கள். முதலில் தலைவர் குதிக்க வேண்டும், அவர் தரையில் கால் பதித்த பிறகே மற்றவர்கள் குதிக்கலாம் என்று செயலாளர் விதித்தார். தலைவர் இறங்கினார். சும்மா இருப்பாரா? "இந்த இனிய மாலைப்பொழுதில், இந்தத் தீவிலே முதன்முதலாகக் கால் பதிக்கின்ற..." என்று தொடக்கவுரையை ஆரம்பித்தார். போனில் ஒலி திறந்தே இருந்தது. பக்கத்தில் எங்கேயோ விளையாடிக்கொண்டிருந்த பையன்களுக்கு எல்லாம் கேட்டது. "சேட்டன்மாரே, ஓடிக்கோ! ஓடிக்கோ!" என்று ஒரு குரல் பரிதாபப்பட்டுக் கத்தியது. தலைவர் ஓடவில்லை. உரையை நடுவில் நிறுத்தி அவருக்குப் பழக்கமில்லை. இரண்டாவது வாக்கியத்தில் சுட்டார்கள்.

அடுத்த அமர்வில் வீரபாண்டிக்கு ஒரு நல்ல துப்பாக்கி கிடைத்தது. அதைத் தலைவருக்குச் சமர்ப்பிக்காமல் தானே வைத்துக்கொள்வது முறையல்ல என்று செயலாளர் சொன்னார். தலைவர் தீவின் மறுகோடியில் இருந்தார். பொருளாளர் துப்பாக்கியைச் சுமந்துகொண்டு, சுடாமல், சமர்ப்பிக்கப் போகும் வழியில் மாண்டார். அவருக்காக மற்ற மூவரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினார்கள். அஞ்சலியில் மூவரும் போனார்கள்.

அன்றைக்குத்தான் அது நடந்தது. கடைசி ஆட்டத்தில் எல்லாரும் விழுந்துவிட, சுடலைமணியின் ஆள் மட்டும் ஒரு சுவரோரம் நின்றிருந்தான். முன்வரிசையிலிருந்து, உதடு அசையாமல், மெல்லிய குரல் வந்தது.

"அப்பா, குனிஞ்சுக்கோங்க."

குனிந்தார். தோட்டா தலைக்கு மேலே போனது. "இனி வலத்தோட்டு. அந்த வீட்டுக்குள்ள கேறுங்க." நுழைந்தார். அவர் ஆள் பிழைத்துக் கிடந்தான். சத்தியம் செய்த நாளிலிருந்து மகள் தானாக அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. சுடலைமணி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். சின்ன வயசில் அவர் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்த அதே முகம்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "தலைவர் மறைந்த பிறகும் இணைச் செயலாளர் நடமாடிக்கொண்டிருப்பது... எனக்கு ஒன்றுமில்லை. சபைக்கு எப்படி இருக்கும் என்றுதான் பார்க்கிறேன்."

"முறையில்லைதான்" என்றார் செயலாளர்.

சுடலைமணி தன் ஆளை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவந்தார். வெட்டவெளியில் நிமிர்த்தி நிறுத்தினார். சுட்டார்கள். சபை கைதட்டியது. முன்வரிசையில் ஸ்நேஹா தன் பாட்டுக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆய்வு நீண்டுகொண்டே போனது. குழு கால நீட்டிப்புக் கேட்டது, மறுபடியும் கேட்டது. தலைவர் காரை நிறுத்திவிட்டுக் காருக்குள்ளேயே ஆய்வு செய்வதைப் பார்த்தவர்கள் உண்டு. பொருளாளர் மெஸ்ஸில் சாம்பார் அடிபிடிப்பது வாடிக்கையானது. செயலாளரோ, செத்தவர் வெளியேற அனுமதி கேட்க வேண்டுமா என்பது பற்றித் தனியாக ஒரு விதி எழுதினார். ஆனால் எத்தனை முயன்றும் மன்றத்தின் நிலை கடைசிக்கு முந்தின படியைக் கூடத் தொடவில்லை.

இதற்கிடையில் ஒருநாள் மாலை ஸ்நேஹா அப்பாவிடம் வந்தாள். "அப்பா, ஞாயிறாழ்ச்சயாணு ஃபைனல். பதினெட்டு ஆகாத்த பிள்ளைங்க கூட வீட்லேருந்து ஒருத்தர் வரணும். நீங்க வருவீங்களோ?"

அதே ஞாயிறு மாலைதான் ஆய்வறிக்கை வாசிப்பு. நாற்காலி போட வேண்டும், நன்றி சொல்ல வேண்டும். அது மட்டும் காரணமில்லை. இடப்பள்ளி மாலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால், விளக்கின் மேல் கைநீட்டிய மனுஷன் என்ன பதில் சொல்வது?

"அம்மையக் கூட்டிட்டுப் போளா. எனக்கு மன்றத்துல சோலி கெடக்கு" என்றார்.

"மதி. அம்மா மதி" என்றாள். போதும் என்கிற அந்த 'மதி'யை அவர் இரண்டு நாள் வாயிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் ஆய்வறிக்கையை வாசித்தார். அதை முழுக்க இங்கே தர முடியாது. சாரம் இதுதான்:

"நாங்கள் நேரில் கண்டோம். இந்த விளையாட்டில் பெரியவர், சிறியவர் என்ற பேதமே கிடையாது. தலைவர் வருகிறார் என்று ஒருவனும் வழிவிடுவதில்லை. பேசி முடிக்கும் வரை ஒருவனும் காத்திருப்பதில்லை. பட்டம் என்ன, பதவி என்ன என்று எவனும் கேட்பதில்லை. திறமை இருக்கிறவன் நேரே வந்து ஜெயித்துவிட்டுப் போய்விடுகிறான்! அன்பர்களே, இப்படிப்பட்ட ஒன்றை அனுமதித்தால் நாளை நம்மைப் போன்ற மன்றங்களின் கதி என்ன?"

கீழே மூட்டை புரண்டது. சபை கண்ணீர் விட்டது. தலைவர் அடுத்ததாகக் குடும்பப் பொறுப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பிள்ளைகளுக்காகப் பெற்றோர் நேரம் ஒதுக்குவதில்லை என்று மேசையைத் தட்டினார். சுடலைமணியின் பையில் போன் அதிர்ந்தது. கற்பகம். தலைவர் பேசும்போது எடுக்க முடியாது. அதிர்ந்து அதிர்ந்து அடங்கியது. மறுபடி அதிர்ந்தது. அவர் பையை வெளிப்பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் மலையாளப் பத்திரிகையில் படம் வந்தது. நாலு பிள்ளைகள், ஒரு பெரிய கோப்பை. நடுவில், நெற்றியில் முடி விழ, ஸ்நேஹா. 'மட்டாஞ்சேரியிலே தமிழ்ப் பெண்குட்டி' என்று கீழே. மாநிலப் போட்டிக்கும் தேர்வாகிவிட்டார்கள். சுடலைமணி மண்டியில் அந்தப் பத்திரிகையை லோடிங்காரர் ஒவ்வொருவரிடமும் காட்டினார். "என் மவ, கேட்டியா, என் மவ." பார்க்கப் போயிருந்தாரா என்று ஒரு சேட்டன் கேட்டார்: "மணி போயிருந்நோ காணான்?" சுடலைமணி லாரி வந்துவிட்டதாகச் சொல்லி வெளியே போனார். லாரி வரவில்லை. கொஞ்ச நேரம் வெயிலில் நின்றுவிட்டு வந்தார்.

மன்றம் மீண்டும் அவசரமாகக் கூடியது. சத்தியப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. சுடலைமணி மட்டும், எடுப்பார்களோ என்று பயந்தபடி உட்கார்ந்திருந்தார். எடுத்தாலும் தேவலாம், ஒரு மூச்சில் போய்விடும் என்றும் இருந்தது.

"ஒரு தமிழ்க் குழந்தை ஜெயிச்சிருக்கு. பாராட்டாம இருக்கப்படாது" என்றார் லக்ஷ்மிநாராயணன். "ஆனா போன தீர்மானம் நிலுவையில இருக்கே. புதுசா எழுதினா பழசை ரத்து பண்ணணும். ரத்து பண்ணப் பொதுக்குழு வேணும். ஒரே ஒரு சொல்லைத் திருத்தினாப் போறும்."

திருத்தினார்கள். திருத்திய தீர்மானம் இப்படி இருந்தது: "இளைஞர்களின் கண்ணைக் கெடுத்து, கல்வியைக் குலைத்து, பெரியோர் பேச்சைக் கேட்கவிடாமல் செய்யும் ட்ராப் ஸோனை இம்மன்றம் மனமார, ஒருமனதாகப் பாராட்டுகிறது."

"தம்பி சுடலைமணி, நம்ம பொண்ணுப்பா!" என்று வீரபாண்டி தோளில் தட்டினார். "ஆமா, என் பிள்ளைதான்" என்றார் சுடலைமணி. இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆனதோ, ஆமாம் என்று சொல்லவும் அவ்வளவுதான் ஆனது. அதை நினைத்து அவருக்கே கூசியது.

பாராட்டு விழாவன்று ஸ்நேஹா பள்ளிச் சீருடையிலேயே வந்தாள். அவளே இறைவணக்கமும் பாடினாள், பாட வேறு ஆளில்லை. தலைவர் பேசினார்.

"அன்பர்களே! இந்த வெற்றியை எல்லாரும் இன்றைக்குக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அந்தத் தீவிலே முதலில் குதித்தது யார்? இந்தக் குழந்தை குதிப்பதற்கு முன்பே, நம் மன்றம் குதித்தது! நான் குதித்தேன்! என் மேல் பாய்ந்த தோட்டாக்கள்தான் இந்தக் குழந்தைக்குப் பாதை போட்டன!"

செயலாளர், விளையாட்டில் முறையைக் கொண்டுவந்தது மன்றம்தான் என்றார். பொருளாளர், அந்தப் பிள்ளை தின்ற புரோட்டா தன் மெஸ் புரோட்டா என்றார். ஒருநாளும் அவள் அங்கே சாப்பிட்டதில்லை. பிறகு தலைவர் பொன்னாடையை உதறிப் போர்த்தினார். நாப்தலின் வாடை மேடையிலிருந்து கதவு வரைக்கும் வந்தது.

"இப்போது நம் வீரமங்கை இரண்டு வார்த்தை பேசுவார்."

ஸ்நேஹா மைக்கின் முன்னால் வந்தாள். உயரத்தைச் சரிசெய்துகொண்டாள். சபையைப் பார்த்தாள், ஓரமாக நின்றிருந்த அப்பாவைப் பார்க்கவில்லை.

"எல்லாருக்கும் நன்றி. ஆனா ஆளு மாறிப்போச்சுன்னு தோணுது" என்றாள், பாடம் ஒப்பிக்கிற குரலில். "எங்க வீட்ல அந்த கேம் இல்ல. இருந்ததும் இல்ல. இருக்கப்போறதும் இல்ல. எங்கப்பா இங்க, இந்த விளக்குமேல கைவெச்சு சத்தியம் பண்ணியிருக்கார். எங்கப்பா பொய் சொல்ல மாட்டார்."

சுடலைமணிக்குக் காது இரண்டும் தீயாக எரிந்தன. இப்போது எல்லாரும் தன் பக்கம் திரும்புவார்கள் என்று நினைத்தார். திரும்பினால் தேவலாம் என்றும் நினைத்தார்.

தலைவர் எழுந்து பலமாகக் கைதட்டினார். "பார்த்தீர்களா அடக்கத்தை! ஜெயித்தும் ஜெயிக்கவில்லை என்கிறதே! இதுவல்லவா தமிழ்ப் பண்பாடு!" சபை அதிரக் கைதட்டியது. ஒருவர் கூடத் திரும்பவில்லை.

"அடுத்து, நன்றியுரை. இணைச் செயலாளர் சுடலைமணி அவர்கள்."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. பக்கத்து அறையிலிருந்து பாலடைப் பாயச வாசம் வந்தது. சபை எழுந்து போயிற்று. சுடலைமணி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைவருக்கு நன்றி, செயலாளருக்கு நன்றி என்று வாய் தன்பாட்டில் ஓடியது. நடுவில் நின்றது. காலியான முன்வரிசையில், கடைசி நாற்காலியில், ஸ்நேஹா அப்பாவுக்காகக் காத்திருந்தாள்.

"எங்க வீட்டுல அந்த விளையாட்டு இருக்கு" என்றார் சுடலைமணி. "இருந்துச்சு. நான் சத்தியம் பண்ணும்போதும் இருந்துச்சு. எம் பிள்ளதான் வெளையாடுதா. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பொய் சொன்னேன். அவ கூப்புட்டா, நான் போவல."

சொல்லி முடித்தார். பக்கத்து அறையில் பாத்திரங்களின் சத்தம் கேட்டது. ஸ்நேஹா எழுந்து மேடைக்கு வந்தாள். தோளிலிருந்து பொன்னாடையை எடுத்து, ஓரத்தோடு ஓரம் வைத்து, அவர் எப்போதும் மடிப்பதைப் போலவே நாலாக மடித்தாள். அவர் கேட்பதற்கு முன்னால் அதை அவர் கையில் வைத்தாள்.

"மைக் ஓஃப் ஆக்கியாச்சுப்பா" என்றாள். "ஓனா இருந்தப்போ சொல்லியிருக்கலாம்."

மைக் செட்டுக்காரர் ஒயரைத் தோளில் சுற்றிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார். ஸ்நேஹா அவருக்குப் பின்னாலேயே இறங்கினாள்.

சாப்பாட்டு அறை வாசலில் சுடலைமணி பொன்னாடையோடு வந்து நின்றார். வரிசையாக இலை போட்டு எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கே மைக் வேண்டாம். வாயைத் திறந்தால் போதும், அத்தனை பேர் காதிலும் விழும். அவர் வாயைத் திறந்தார்.

தலைவர் பாயசத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "பொன்னாடை வாங்கியாச்சா, இணைச் செயலாளர் அவர்களே?"

"வாங்கிட்டேன், தலைவரே" என்றார் சுடலைமணி.